கடைசிப் பந்திவரை காத்திருக்காதீர்கள்

பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 43 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். ஆறு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையும், இரவில் மெட்ஃபார்மின் மட்டும் உள்ள மாத்திரையும் சாப்பிடுகிறார். 156 சென்டிமீட்டர் உயரமுள்ள அவர், சென்ற தை மாதத்தில் 78 கிலோவாக இருந்து, மாலை நடையாலும் இரவுச் சோற்றைக் குறைத்ததாலும் ஆடி பிறந்தபோது 69 கிலோவுக்கு வந்திருந்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவும் 7.8இலிருந்து 6.7 ஆகியிருந்தது. அதன்பின் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் பயணம், ஆவணியில் இரண்டு திருமணங்கள், ஆயுத பூஜை, தீபாவளி, கார்த்திகையில் ஒரு வளைகாப்பு, ஒரு புதுமனை புகுவிழா என ஏழு விசேஷங்கள் வந்து போயின. மார்கழியில் எடை 72 கிலோ, ஹெச்பிஏ1சி 7.1.

விசேஷ நாள்களில், "மதியம் எப்படியும் கூடத்தான் போகும்" என்று காலை உணவை விட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வது அவருடைய வழக்கம். காவேரிப்பட்டினத்தில் நாத்தனார் வீட்டு வளைகாப்பின்போது எல்லாப் பந்திக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக அவர் உட்கார மூன்றரை மணி ஆகிவிட்டது. அதற்கு முன்பே கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டியதால் சாமான் அறைக்குள் போய் உட்கார்ந்தவர், அங்கிருந்த கூடையிலிருந்து நான்கு லட்டுகளை யாருக்கும் தெரியாமல் தின்றிருக்கிறார். பிறகு பந்தியிலும் அளவு தெரியாமல் சாப்பிட்டதாக வெட்கத்தோடு எழுதுகிறார். தை மாதக் கடைசியில், குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டிக் கொழுந்தனார் மகளுக்குக் காதுகுத்து. அதற்குப் போகாமலே இருந்துவிடலாமா, போனால் அன்று மட்டும் மாத்திரை ஒன்றைக் கூடுதலாகப் போடலாமா, சோற்றுக்குப் பதிலாகக் களி என்றால் வேண்டிய மட்டும் சாப்பிடலாமா, வெல்லத்தில் செய்த ஒப்பட்டும் கச்சாயமும் சர்க்கரையில் செய்த இனிப்புகளைவிட நல்லவையா என்பவை அவருடைய கேள்விகள். "எனக்கு நாக்கு அடங்கவில்லை டாக்டர்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கடிதம் முழுவதிலும் மிகவும் தவறான வரி அதுதான். சாமான் அறையில் நீங்கள் நான்கு லட்டுகளைத் தின்றதற்கு நாக்கின் மேல் பழிபோட வேண்டாம். கிளிமிபிரைடு என்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா, இல்லையா என்று பார்த்துக்கொண்டு அது வேலை செய்வதில்லை. காலை எட்டு மணிக்கு அதை விழுங்கிவிட்டு, மூன்றரை மணி வரை சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கும் சமையற்கட்டுக்கும் நடந்தால், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதில் வியப்பே இல்லை. நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, எதையாவது வாயில் போட்டே ஆக வேண்டும் என்ற வெறி ஆகியவை தாழ்சர்க்கரையின் அடையாளங்கள். அப்போது உங்களிடம் சர்க்கரைமானி இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாதே தவிர, நீங்கள் எழுதியிருக்கும் வர்ணனை அப்படியே பொருந்துகிறது. உங்கள் கை அந்தக் கூடைக்குப் போகாமல் இருந்திருந்தால் நினைவு தப்பி விழுந்திருக்கக்கூடும்.

லட்டு அதற்கு ஏற்ற மருந்தல்ல என்பது வேறு விஷயம். அதிலுள்ள நெய்யும் எண்ணெயும் சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைத்துவிடுவதால், ஒன்று தின்றும் நடுக்கம் நிற்காமல் இரண்டாவது, மூன்றாவது என்று போயிருக்கும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் உட்கார்ந்து பார்த்து, குறையவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு குடித்து, நடுக்கம் நின்றபின் ஒழுங்கான உணவு சாப்பிடுவதே முறை. இதை உங்கள் கணவரிடமும், கூடப் பரிமாறும் ஓரகத்தியிடமும் சொல்லி வையுங்கள். உங்களுக்கே சொல்ல வாய் வராத நிலை வந்தால் அவர்கள்தான் செய்ய வேண்டும். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

ஆகவே, விசேஷ நாளில் கூடுதல் மாத்திரை போடலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடவே கூடாது என்பதுதான். விருந்து எப்போது பரிமாறப்படும், எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது; சமையல்காரர் ஒரு மணி நேரம் தாமதித்தால் அந்தக் கூடுதல் மாத்திரை உங்களைக் கீழே தள்ளிவிடும். காலை உணவு இல்லாமல் கிளிமிபிரைடு உள்ள மாத்திரையை இனி ஒரு நாளும் போடாதீர்கள்.

ஏழு விருந்துகளின் கணக்கு

மூன்று கிலோ கூடியதற்கு ஏழு விருந்துகளும் காரணம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடலில் ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். ஒரு விருந்தில் வழக்கத்தைவிட 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அதனால் சேர்வது 130 கிராம். ஏழு விருந்துக்கும் சேர்த்து ஒரு கிலோகூட ஆகாது. மீதி இரண்டு கிலோவுக்கும் மேல் எங்கிருந்து வந்தது?

அதற்கான விடை உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் நீங்களே எழுதிய இரண்டு வரிகளில் இருக்கிறது. ஐப்பசி மழையிலும் சீக்கிரம் இருட்டிவிடுவதாலும் மாலை நடை நின்றுபோனது என்பது ஒன்று. தீபாவளிக்குச் செய்த கச்சாயமும் முறுக்கும் எவர்சில்வர் டப்பாவில் கார்த்திகை வரை இருந்தன, போகும்போதும் வரும்போதும் ஒன்றிரண்டு வாயில் போட்டுக்கொண்டேன் என்பது மற்றொன்று. ஆடிப் பதினெட்டிலிருந்து மார்கழி வரை ஏறத்தாழ 150 நாள்கள். மூன்று கிலோவை அந்த நாள்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 150 கலோரி வருகிறது. எண்ணெயில் பொரித்த நடுத்தர அளவுக் கச்சாயம் ஒன்றில் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். அரை மணி நேர வேக நடையில் செலவாவதும் ஏறக்குறைய அதேதான். ஏழு நாள் விருந்துக்காக உங்களை நீங்கள் திட்டிக்கொண்டிருந்தபோது, மற்ற 143 நாள்களும் சத்தமில்லாமல் அலமாரி மேல் தட்டில் இருந்த டப்பாவுக்குள் போய்விட்டன.

இது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. அமெரிக்காவில் 195 பேரைப் பண்டிகைக் காலத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை அவர்களுக்குச் சராசரியாகக் கூடியது 400 கிராம்கூட இல்லை. எல்லோரும் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஆனால் கூடிய அந்தச் சிறிய எடை அதன்பின் வந்த மாதங்களில் இறங்கவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. என் அனுபவமும் அதுவே. தீபாவளி வாரத்தில் நோயாளிகள் அன்போடு கொண்டுவரும் இனிப்புப் பெட்டிகள் என் மேசை ஓரத்தில் சேர்ந்துவிடும். ஒருவருக்கு மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டே இடக்கையால் மைசூர்பாகு விண்டு தின்றிருக்கிறேன், எதிரில் இருந்தவரிடம் இனிப்பைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே. இப்போது பெட்டி வந்த அன்றே செவிலியர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறது.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். ஆவணித் திருமணத்துக்கு மறுநாள் காலை எடை பார்த்தபோது 1.8 கிலோ கூடியிருந்தது என்றும், "இவ்வளவு பாடுபட்டும் ஒரே நாளில் போச்சே" என்று ஒரு வாரம் நடக்கவே போகவில்லை என்றும். ஒரே இரவில் 1.8 கிலோ கொழுப்புச் சேர ஏறத்தாழ 14,000 கலோரி மிகுதியாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தக் கல்யாணச் சமையல்காரராலும் அது முடியாது. ஊறுகாய், அப்பளம், குழம்பு எனச் சேர்ந்த உப்பு பிடித்துவைக்கும் தண்ணீரும், கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் மாவுச்சத்தோடு சேர்ந்து தங்கும் தண்ணீரும், குடலில் இன்னும் செரிக்காமல் இருக்கும் உணவும்தான் அந்த எடை. மூன்று நான்கு நாள்களில் தானாக இறங்கிவிடும். விசேஷத்துக்கு மறுநாள் எடைமேடையில் ஏறாதீர்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள், புதன்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

களியும் வெல்லமும்

நம் மாவட்டத்தில் களியைப் பற்றி ஒரு சொல் குறைத்துச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். எனக்கும் வாரத்தில் நான்கு நாள் களிதான். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, நார்ச்சத்தும் தீட்டிய அரிசியைவிட அதிகம். ஆனால் கலோரி என்று வரும்போது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது: 100 கிராம் கேழ்வரகு மாவில் 320 முதல் 330 வரை, அரிசியில் 350 சொச்சம். அதோடு, களியை நாம் மெல்லுவதில்லை. கட்டைவிரலால் ஒரு துண்டு பிய்த்து, நடுவில் குழி செய்து, குழம்பில் தோய்த்து அப்படியே தொண்டைக்குள் இறக்கிவிடுகிறோம். வயிறு நிறைந்ததை மூளை உணர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். களி உருண்டை காணாமல் போக ஐந்து நிமிடம் போதும். மாவாக அரைத்து, கிண்டி வேகவைத்த கேழ்வரகு சர்க்கரையையும் நன்றாகவே ஏற்றும். எனவே களி சாப்பிடுங்கள், சோற்றுக்குப் பதிலாக அரை உருண்டை, நிறையக் கீரையோடு. வேண்டிய மட்டும் என்பது அதற்குப் பொருந்தாது.

வெல்லத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 100 கிராம் வெல்லத்தில் 380 கலோரி, வெள்ளைச் சர்க்கரையில் 400. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டும் ஒன்றுதான். ஒப்பட்டில் பூரணத்தோடு மைதாவும், மேலே ஒரு கரண்டி நெய்யும் சேர்கின்றன. பிடிக்குமென்றால் ஒன்றை எடுத்துப் பாதியைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். வெல்லம்தானே என்று மட்டும் எண்ணிச் சாப்பிடாதீர்கள்.

போகலாமா, வேண்டாமா

காதுகுத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கொழுந்தனார் மகளின் காதுகுத்துக்கு வராத பெரியம்மாவைப் பற்றிப் பத்து ஆண்டுகள் பேசுவார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உறவும் ஊரும் கூடும் இடங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு யாராலும் காலமெல்லாம் உடல் எடையைக் காக்க முடியாது. ஓராண்டு முடியும், இரண்டாம் ஆண்டு எல்லாம் சேர்த்துத் திரும்பிவிடும். வீட்டிலிருந்து டப்பாவில் கட்டிக்கொண்டு போவதும் ஒரு வழிதான் என்றாலும், பந்தியில் எல்லோரும் இலையில் சாப்பிடும்போது நீங்கள் மட்டும் டப்பாவைத் திறந்தால் அன்று முழுவதும் பேச்சு அதைப் பற்றியே இருக்கும். போய், உட்கார்ந்து, அந்த இலையிலேயே உங்களுக்கு வேண்டியதைச் சாப்பிடுவதுதான் நடக்கக்கூடியது.

"என்னம்மா இப்படி இளைச்சுட்டே, சக்கரை முத்திப் போச்சா?" என்று உறவினர்கள் கேட்பதாகவும், அதற்குப் பயந்தே இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கேட்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: சர்க்கரை கட்டுமீறிப் போனால் உடல் இளைக்கும் என்பது உண்மைதான், அப்படி இளைத்தவர்களை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு எடை குறைந்த அதே மாதங்களில் ஹெச்பிஏ1சியும் குறைந்திருக்கிறது. இது நோய் தின்ற இளைப்பு அல்ல. "நடந்து இளைச்சேன்ங்க, சக்கரையும் இறங்கிடுச்சு" என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிடுங்கள். மாமியார் காதில் விழும்படி சொன்னால் இன்னும் நல்லது, மற்றவர்களுக்கு அவரே சொல்லிக்கொள்வார். பரிமாறுபவர்கள் எல்லோரும் உங்கள் சொந்தக்காரர்கள்தான். பந்தி தொடங்குமுன் அவர்களில் ஒருவரிடம், "எனக்குச் சோறு ஒரு கரண்டி, கறி கேட்டு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவைப்பது, இலை முன் உட்கார்ந்த பிறகு நான்கு பேரோடு வாதாடுவதைவிட எளிது.

55 கிலோவுக்கு வந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தையும் சற்றுத் தளர்த்துங்கள். அது உங்கள் உயரத்துக்குச் சரியான எடைதான். ஆனால் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். நீங்கள் 78இலிருந்து 69க்கு வந்தபோது 11 சதவீதத்துக்கும் மேல் குறைத்திருந்தீர்கள். முதலில் அந்த 69க்குத் திரும்புங்கள்.

காதுகுத்து நாள்

அன்று காலை கிளம்புமுன் இரண்டு இட்லியும் ஒரு வேகவைத்த முட்டையுமாவது சாப்பிட்டுவிட்டு, அதோடு மாத்திரையைப் போடுங்கள். கிடா வெட்டி, உரித்து, வெந்து இறங்க ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகலாம். ஆகவே பதினொரு மணிக்கென்று ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலையோ சுண்டலோ பையில் இருக்கட்டும், ஒரு சின்னப் பொட்டலத்தில் சர்க்கரையும். வந்தவர்களை வரவேற்கக் கொடுக்கும் குளிர்பானத்தை வேண்டாம் என்று சொல்லுங்கள்; 250 மில்லி பாட்டிலில் 25 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். மாம்பழச் சாறு என்றாலும் அப்படித்தான், கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழில் செய்ததாகவே இருந்தாலும் சர்க்கரை சேர்த்துத்தான் அடைக்கிறார்கள். மோர் கிடைத்தால் குடியுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது, எந்தப் பந்தியில் உட்காருகிறீர்கள் என்பது. வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிஞ்சிய சோற்றோடும் அடிக்குழம்போடும் உட்காருவது நம் பழக்கம். கறி தீர்ந்து, பொரியல் தீர்ந்து, சோறும் எண்ணெய்க் குழம்பும் மட்டுமே அண்டாவில் இருக்கும் நேரம் அது. பசியோ உச்சத்தில் இருக்கும். நீங்கள் முதல் பந்தியிலோ இரண்டாம் பந்தியிலோ உட்கார்ந்து எழுந்து, அதன்பின் மாலை வரை பரிமாறுங்கள். சாப்பிட்டபின் அப்படி நடமாடுவது சர்க்கரைக்கும் நல்லது.

இலையில் முதலில் கறித்துண்டுகளையும், பொரியலோ கீரையோ இருந்தால் அதையும் சாப்பிடத் தொடங்கி, பாதி முடிந்தபின் சோற்றைப் பிசையுங்கள். ஒரே உணவை இந்த வரிசையில் சாப்பிட்டாலே சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. குழம்பை அண்டாவின் மேலே மிதக்கும் எண்ணெயை விலக்கி மொள்ளச் சொல்லுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது, கிடாக் குழம்பில் அது சாதாரணமாக ஒவ்வொரு கரண்டியோடும் வந்துவிடும். குடல் வறுவலும் இரத்தப் பொரியலும் ருசிக்கு ஒரு வாய். இனிப்பு ஏதாவது ஒன்று, சாப்பாட்டின் கடைசியில். இரவு உணவை "மதியமே கூடிப்போச்சு" என்று விட்டுவிடாமல், வழக்கமான நேரத்தில் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். காலையில் போட்ட மாத்திரையின் வேலை இரவிலும் தொடர்கிறது.

கிளம்பும்போது ஒரு தூக்கு நிறையக் கறிக்குழம்பும் சோறும் கட்டிக் கொடுப்பார்கள். வாங்க மறுத்தால் மனம் கோணும், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தூக்கு மூன்று நாள் குளிர்பெட்டியில் இருந்து, சூடு பண்ணிச் சூடு பண்ணித் தீர வேண்டியதில்லை; வருகிற வழியிலேயே யார் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டால் போதும். மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம். வழக்கமான காலை உணவு, வழக்கமான மாத்திரை, மாலையில் நடை. இருட்டிவிடுகிறது என்றால் வீட்டு மாடியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ நடங்கள்.

வளைகாப்பில் நடந்ததை உங்கள் மருத்துவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய செய்தி அது. கிளிமிபிரைடு தாழ்சர்க்கரையை உண்டாக்கக்கூடியது என்பதோடு, சிலருக்கு எடையையும் சற்றுக் கூட்டும். அதன் அளவைக் குறைக்கலாமா, தாழ்சர்க்கரை ஆபத்துக் குறைந்த வேறு மருந்துக்கு மாறலாமா என்று அவர்தான் உங்கள் சிறுநீரகப் பரிசோதனை முடிவையும் பார்த்துத் தீர்மானிக்க முடியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காதுகுத்துக்குப் புடவை எடுக்கத் தருமபுரி போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா, அன்று காலையிலேயே முதலில் அவரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரை அட்டையையும் கடைசி இரண்டு பரிசோதனைச் சீட்டுகளையும் கையோடு கொண்டு போங்கள்.